இடது கீழ் இறக்கையில் மூன்று வரிசை

எங்கள் தம்பி கண்மூடி ஒரு வருஷம் நிறைகிறது. அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக இன்று நம் கோவிலில் வைத்திருக்கும் பாட்டுப் பூசைக்கு வந்திருக்கும் பெரியோருக்கும், உறவின்முறையாருக்கும், தம்பியோடு வேலை பார்த்தவர்களுக்கும் மூத்தவளாகிய நான் கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. நான் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரையில் படித்தவள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. தம்பி மகள்தான், "நீதான் எழுதணும் அத்தே. அப்பாவ முழுசா தெரிஞ்சவங்க வேற யாரு கீறாங்க?" என்று காகிதத்தையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் அவரை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அச்சடிக்கும் நினைவு மலரில் அப்படி எழுதக்கூடாது என்றும் அவளே சொன்னாள். சரி என்றேன்.

தம்பி பிறந்தது இராயபுரத்தில், இப்போது நாங்கள் குடியிருக்கும் இதே சந்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. தம்பிக்கு மூன்று வயதாகும்போது அம்மா வாந்திபேதியில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதினாலு. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தேன். எனக்குக் கலியாணமாகி, ஆறு வருஷத்தில் தாலி இழந்து நான் திரும்பி வந்தபோது, தம்பி மோட்டார் படகுப் பட்டறையில் கையெல்லாம் மசியோடு நின்றுகொண்டிருந்தார். "வந்துட்டியா, நல்லதா போச்சு, சோறு ஆக்கு" என்றார். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டேன். பிறகு அவருக்குக் கலியாணம் ஆனது. மகளைப் பெற்றுப் போட்டுவிட்டு அவர் பெண்சாதியும் கண்ணை மூடிவிட்டாள். அதற்கப்புறம் இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

படகு எஞ்சினிலிருந்து மோட்டார் கார் எஞ்சினுக்கு மாறி, அதிலும் நல்ல பேர் எடுத்தார். அப்போதுதான் எண்ணூரில் பங்களா வைத்திருந்த ஒரு வியாபாரியின் மகன், தம்பி எஜமானர் என்று சொல்லுவாரே அவர், சீமையிலிருந்து ஒரு சின்ன ஏரோப்ளேன் தருவித்தார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். ஒரே எஞ்சின். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒரு மாதம் இருந்தார். அவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்த தம்பி, அவர் கப்பலேறிப் போகும்போது முழுதும் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் கற்றால் மட்டும் போதாது. சர்க்கார் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் ஏரோப்ளேன் தரையை விட்டுக் கிளம்பலாம். பரீட்சை முழுதும் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, படித்ததையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லுவார். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன். நாலு சிலிண்டரும் வரிசையாக வெடிக்காது. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்றுதான் வெடிக்கும் என்பது எனக்கும் செபம் மாதிரி மனப்பாடம். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் தேறினார். சீட்டு வந்த அன்று அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அக்கா, இது போச்சுன்னா நான் வெறும் மேஸ்திரிதான்" என்றார். நூறு தரம் அதை நினைத்திருக்கிறேன்.

அவருடைய வேலைமுறையை அவரோடு வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். எண்ணூரில் உப்பளத்துக்கு அப்பால் இறுகிய மண்ணில் தகரக் கொட்டகை. காலையில் கதவைத் திறந்ததும் ஏரோப்ளேனைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பதினாலு இடத்தில் நிற்பார். தபசுகாலத்தில் சிலுவைப் பாதைக்குக் கோவிலில் பதினாலு ஸ்தலம் நிற்கிறோமே, அந்தக் கணக்கு. முதல் இடம் மூக்கிலிருக்கும் காத்தாடி. அங்கிருந்து எஞ்சின், சக்கரம், வலது இறக்கைகள், வால், பிறகு சுற்றி வந்து கடைசி இடம் இடது கீழ் இறக்கை. ஒவ்வொரு இடத்திலும் கையால் தொட்டுப் பார்ப்பார். இழுத்துக் கட்டிய கம்பிகளை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்பார். பெட்ரோலை மான் தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவார். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆகாயத்தில் எஞ்சின் நின்றுவிடும் என்பார். உப்புக் காற்று திருகாணியைத் தின்கிறது என்று வாரத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் கழற்றித் துடைப்பார். எஜமானர் உட்கார்ந்ததும் தம்பி காத்தாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஸ்விட்ச் ஆஃப்பா எஜமான்?" என்பார். "ஆஃப்" என்று பதில் வந்தால்தான் சுற்றுவார். பதில் வராமல் காத்தாடியை ஒரு நாளும் தொட்டதில்லை.

இறக்கை எப்படி என்று உறவுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. பக்கத்துக்கு மேலொன்று கீழொன்றாக மொத்தம் நாலு இறக்கை. உள்ளே மரத்தாலான விலா எலும்புகள். மேலும் கீழும் துணி. துணியை ஒவ்வொரு விலாவோடும் மெழுகு போட்ட நூலால் தைத்துக் கட்ட வேண்டும். மேலே ஒரு வார்னிஷ் பூசுவார்கள். வாழைப்பழ வாசனை அடிக்கும். பூசி உலர்ந்தால் துணி மேளத் தோல் மாதிரி விறைக்கும். கடல் காற்று எழுந்த பிறகு பூசினால் ஈரம் பிடித்து வெள்ளை பூத்துவிடும். அதனால் வெயில் ஏறியதும் தொடங்கி, காற்று வருவதற்குள் முடித்துவிட வேண்டும். உப்பும் வெயிலும் அந்தத் துணியை இரண்டு வருஷத்தில் மக்க வைத்துவிட்டன. புதுத் துணி சீமையிலிருந்து வந்தது. தைக்க ஆள் தேடினார். நான் மடத்தில் தையல் படித்தவள். கன்னியாஸ்திரிகள் பூசைத் துணிகளை என்னிடம்தான் கொடுப்பார்கள்.

கொட்டகைக்கு நான் எப்படிப் போவது? இறக்கைகளைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றி, ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தார். சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டு மீன்கார ஆயா கூடையோடு நின்று பார்த்தார்.

"இன்னாடா இது, வானத்துக்குப் போற பாடையா?"

"பாடை இல்ல ஆயா, ஏரோப்ளேன் ரெக்க. கைய வெக்காத, மீனு வாசன பூந்துடும்."

"பூந்தா நல்லதுதான்டா. தண்ணில வுழுந்தாலும் நீந்திக்கினு வந்துடும், போ!"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். எனக்கு மட்டும் பாடை என்ற சொல் பிடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டேன்.

கொல்லையில் இரண்டு முக்காலி போட்டு இறக்கையை நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். மேற்பக்கத்துத் துணிப் புறம் நான். கீழ்ப்பக்கத்துத் துணிப் புறம் தம்பி. நடுவில் இறக்கை இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒன்றரைச் சாண் ஊசி. நான் குத்தி அனுப்புவேன். அவர் விலாவைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். நான் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். நாலு விரற்கடைக்கு ஒரு தையல், ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. அதைத் தம்பி முதல் நாளே சொன்னார்.

"அக்கா, ஒரு எடத்துல நூலு அறுந்தா அந்த ஒண்ணோட நிக்கணும். முடிச்சு இல்லன்னா அரிசி மூட்டை வாய் மாதிரி வரிசை முழுக்க உருவிக்கினு பூடும்."

அதனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் "கட்டியாச்சு" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அடுத்ததற்கு ஊசியை வாங்குவார். வலது பக்க இறக்கை இரண்டையும் அப்படியே முடித்தோம். அந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாள் எனக்கு வாழ்க்கையில் இல்லை. துணிக்கு அந்தப் புறமிருந்து ஒரு குரல், இந்தப் புறமிருந்து ஒரு குரல்.

அந்த இரண்டையும் பூட்டியபோது எஜமானர் மேலே கையால் தடவிப் பார்த்தாராம். அன்று சாப்பிடும்போது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "'இன்னா மேஸ்திரி, அம்மை போட்ட ஒடம்பு மாதிரி முடிச்சு முடிச்சா கீது, யார் தைச்சது?'ன்னாரு. எங்க அக்கான்னேன். 'வயசாயிடுச்சு போல, பாவம்'னாரு. முடிச்சுன்னா தெரியாதா பின்ன? அவுருக்கு இன்னா தெரியும், நீ சோறு போடு."

தம்பி அதை அங்கேயே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. மடத்தில் எங்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்த மதர், துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முடிச்சு வெளியே தெரிந்தால் முழுதும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். முடிச்சு தெரிகிற தையல் சோம்பேறியின் தையல் என்று பிரம்பால் விரலில் அடிப்பார்கள். என் தையலை அதுவரையில் யாரும் பழித்ததில்லை.

இடது மேல் இறக்கையைச் சரியாகவே தைத்தேன். கடைசியாக இடது கீழ் இறக்கை. அதிலும் வெளி ஓரத்து மூன்று வரிசை பாக்கி. அந்த மூன்று வரிசையில் நான் முடிச்சுப் போடவில்லை. நூலை நூலுக்கடியில் மடக்கி, பூசைத் துணியில் மறைப்பதுபோல் மறைத்து, இழுத்து அழுத்திவிட்டேன். வரிசையின் இரண்டு முனையில் மட்டும் முடிச்சு. ஒவ்வொரு தையலுக்கும் "கட்டியாச்சு" என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு தரமும் ஊசியை வாங்கிக்கொண்டார்.

முடித்ததும் இந்தப் புறம் வந்து விரலால் வரிசையைத் தடவிப் பார்த்தார். "கை நல்லா பழகிடுச்சுக்கா ஒனக்கு. முடிச்சே தெரியல" என்றார். அவ்வளவுதான். மேலே நாடா ஒட்டி வார்னிஷ் பூசிவிட்டார். என் தம்பி அந்த வேலையில் செய்த ஒரே பிழை, என் சொல்லை நம்பியது.

அதற்கப்புறம் மழைக்காலம் ஒன்று போயிற்று. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஏரோப்ளேன் நன்றாகப் பறந்து வந்தது. இனி எதற்கு என்று விட்டேன்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, எஜமானர் பின்னாலும் தம்பி முன்னாலும் உட்கார்ந்து கழிமுகத்துக்கு மேலே தாழப் பறந்தார்கள். தம்பி கண்ணெதிரே இடது கீழ் இறக்கையின் ஓரத்துத் துணி எண்ணெய்ச் சட்டியில் பூரி மாதிரி உப்பியது. கை காட்டி இறக்கச் சொன்னார். இறங்குவதற்குள் ஏரோப்ளேன் இடது பக்கம் சாய்ந்து, உப்பளத்துச் சேற்றில் குப்புற விழுந்தது. எஜமானருக்குக் கை முறிந்தது. தம்பிக்கு முதுகெலும்பு. அன்றைக்கு விழுந்தவர் பிறகு எழுந்து நிற்கவில்லை.

உப்பளத்து ஆட்கள் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வலி தாங்காமல் கத்தியவருக்கு அங்கிருந்த கங்காணி ஒருவர் இரக்கப்பட்டு வாயில் பிராந்தி ஊற்றினார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தம்பி மேல் அந்த வாசனைதான் அடித்தது. குடித்துவிட்டு வேலை பார்த்தான், அதனால்தான் விழுந்தது என்று பேச்சு கிளம்பியது. உறவுக்காரர்களிலும் பலர் அதை நம்பினார்கள். இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் சிலர் நம்புகிறார்கள். எஜமானர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவு வந்தது. நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அவர் தண்ணீர் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அக்கா. கீழ் ரெக்க, கடைசி மூணு வரிசை. முடிச்சு போட்டியா?"

"போட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். அவர் விழும்போது அந்த நூல் உருவிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தாரா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

விசாரிக்க ஒரு துரை ஆஸ்பத்திரிக்கே வந்தார். துணியெல்லாம் சேற்றில் கிழிந்து போயிற்று, எஞ்சின் சரியாக இருக்கிறது, இறக்கையைத் தைத்தது யார் என்று கேட்டாராம். "நான்தான் தைச்சேன், நான்தான் பார்த்தேன், சரியா பார்க்கல" என்று தம்பி சொல்லிவிட்டார். சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மாதா படத்துக்கு முன்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.

பிறகு நாலு வருஷம் படுக்கை. சந்தில் யாருடைய கடிகாரம் நின்றாலும், தையல் மிஷின் சிக்கினாலும், படுத்தபடியே பழுது பார்த்துக் கொடுப்பார். ஆகாயத்தில் எப்போதாவது ஒன்று பறந்து போனால் காது கொடுத்துக் கேட்டு, "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல, எவனும் பார்க்க மாட்டானா?" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது.

தம்பி மகளைப் பெரம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ரயில்வே வேலை. பெண்ணைப் பிடித்துவிட்டது. பையனின் மாமா மட்டும் தம்பி கட்டிலண்டை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. வூடு தேடி வந்துட்டு கேக்காம போவக்கூடாது. குடிச்சுட்டு ஏரோப்ளேனைக் கவுத்தீங்கன்னு சொல்றாங்களே?"

"வாசன அடிச்சது நெசம்" என்றார் தம்பி. "நான் குடிக்கல."

"குடிக்கலன்னா அது ஏன் வுழுந்துச்சு?"

தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். நாலடி தூரம். மூன்று சொல் சொன்னால் போதும். தம்பி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா, "சரி, எழுதுறோம்" என்று எழுந்தார். காப்பி ஆறிப் போயிற்று. கடுதாசி வரவில்லை. அதற்கப்புறமும் யாரும் வரவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்பும் கொடுத்தார், அபராதமாக செபமாலையும் கொடுத்தார். சொன்னேன், செபித்தேன். நான் சாமியாரிடம் சொன்னது வீட்டில் அடுத்த அறையில் படுத்திருந்தவருக்குக் கேட்கவில்லையே. அன்றிலிருந்து நான் தைப்பதெல்லாம் முடிச்சு. "அத்தே, ரவிக்க முதுகுல குத்துது" என்று தம்பி மகள் அழுதிருக்கிறாள். தலையணை உறை, படுக்கை விரிப்பு, எல்லாவற்றிலும் நாலு விரற்கடைக்கு ஒன்று.

கடைசி நாள், சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுச் சாமியார் போன பிறகு, தம்பியின் வலது கை விரிப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. சுட்டுவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார். ஒரு முடிச்சு. நின்றார். அடுத்த முடிச்சு. நின்றார். அப்படியே ஓரம் முடியும் வரையில் போனார். பிறகு கை நின்றுவிட்டது.

சேற்றில் இறங்கி அவரைத் தூக்கிய உப்பளத்து மக்களுக்கும், இரக்கத்தால் பிராந்தி ஊற்றிய அந்தக் கங்காணிக்கும், நாலு வருஷம் வீடு வந்து பார்த்த வைத்தியருக்கும், நல்ல மீனாகப் பொறுக்கி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு ஆயாவுக்கும், பூசை வைக்கும் சாமியாருக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பியைக் குடிகாரன் என்று சொன்னவர்கள் இனிமேல் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றிச் சொல்லுங்கள்.

தம்பி மகளே, அச்சுக்குப் போகுமுன் இதை நீ படிப்பாய். இதற்குமேல் இந்த வீட்டில் நான் இருக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். போகச் சொன்னால் போகிறேன். ஆனால் இதில் ஒரு வரியையும் எடுக்காதே.

இதற்கு மேல் அவர் என்று எழுத எனக்கு வரவில்லை.

தம்பி, ஆஸ்பத்திரியில் நீ கேட்டாய். போடவில்லையடா.